வர வேண்டிய நேரம் தாண்டினால்



2007 செப்டம்பர் 3, அமெரிக்காவின் நெவாடா மாநிலம். விடுமுறை நாள் காலையில் ஒரு பண்ணையின் ஓடுபாதையிலிருந்து இரண்டே இருக்கை கொண்ட டெகத்லான் விமானம் ஒன்று கிளம்பியது. ஓட்டியவர் ஸ்டீவ் ஃபாசெட். 2002-ல் பலூனில் தனியாக உலகைச் சுற்றியவர். 2005-ல் வழியில் எங்கும் இறங்காமல், எரிபொருளும் நிரப்பாமல், தன்னந்தனியாக விமானத்தில் உலகைச் சுற்றி வந்த முதல் மனிதர். அப்படிப்பட்டவருக்கு இது வெறும் காலை உலா. மதியத்துக்குள் திரும்பிவிடுவார் என்றுதான் பண்ணையில் இருந்தவர்கள் நினைத்தார்கள்.

மதியம் போனது, மாலையும் போனது, அவர் வரவில்லை.

அவர் பறப்புத் திட்டம் எதையும் பதிவு செய்திருக்கவில்லை. எந்தப் பக்கம் போனார் என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. விமானத்தில் இருந்த அபாய ஒலிபரப்பியிலிருந்தும் ஒரு சத்தமும் வரவில்லை. விமானங்களும் ஹெலிகாப்டர்களும் வாரக்கணக்கில் மலைகளைச் சலித்தன. செயற்கைக்கோள் படங்களை வீட்டுக் கணினியில் உட்கார்ந்து துழாவத் தன்னார்வலர்கள் ஆயிரக்கணக்கில் முன்வந்தார்கள். கிடைத்தது என்ன தெரியுமா? வேறு யார் யாரோ எப்போதோ விழுந்து நொறுங்கிய பழைய விமானங்கள்! ஃபாசெட்டின் விமானம் கிடைக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. 2008 செப்டம்பர் கடைசியில், கலிஃபோர்னியாவின் மாமத் லேக்ஸ் ஊருக்கு அருகே மலையேறப் போன ஒருவர் கண்ணில் அவருடைய அடையாள அட்டைகள் பட்டன. அங்கிருந்து தேடித்தான் சிதைவுகளை எட்டினார்கள். விமானம் மோதிய வேகத்தைப் பார்த்தால், அன்றே கண்டுபிடித்திருந்தாலும் அவர் பிழைத்திருக்க மாட்டார். ஆனால் காலொடிந்த நிலையில் உயிரோடு கிடக்கும் இன்னொரு விமானிக்கு அந்த ஒரு வருடம் என்னவாக இருந்திருக்கும்?

ஆளில்லாத நிலத்துக்கு மேலே சிறு விமானம் ஓட்டுகிறவர், எஞ்சினைப் பற்றி யோசிக்கும் முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். நான் வராவிட்டால், யார், எத்தனை மணிக்குக் கவலைப்படத் தொடங்குவார்? இன்றைய பேச்சு பெரும்பாலும் இந்தக் கேள்வியைச் சுற்றியே போகும். அதற்கு முன், கீழே விழாமல் இருப்பதற்கான சில பழக்கங்களைப் பார்த்துவிடலாம். விழாதவரைத் தேட வேண்டியதில்லை அல்லவா?

ஃபாசெட் ஏன் விழுந்தார்? அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்து சொன்ன காரணம் இது: மலைச் சரிவில் கீழ்நோக்கிப் பாய்ந்த காற்று, அந்த விமானம் மேலேறக்கூடிய வேகத்தைவிட வலுவாக இருந்தது. மெலிந்த காற்றும் சேர்ந்துகொண்டது. இதைச் சமவெளியில் பழகிய விமானிக்குப் புரியவைப்பது கடினம். கணக்கு போட்டுக் காட்டினால் புரியும். கடல் மட்டத்திலிருந்து 5,000 அடி உயரத்தில் ஒரு மண் ஓடுபாதை. அந்த உயரத்துக்குப் பொதுக் கணக்குப்படி வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். மதிய வெயிலில் 35 டிகிரி அடிக்கிறது என்று வையுங்கள். கூடுதலான ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 120 அடி என்றால் 3,600 அடி. தரையில் நிற்கும்போதே எஞ்சினும் இறக்கையும் 8,600 அடியில் இருப்பதாகத்தான் நடந்துகொள்ளும். அதிகாலையில் நான்கு பேரைச் சுமந்து எழும்பிய அதே விமானம் மதியம் மூன்று பேரோடு ஓடுபாதையின் கடைசிவரை உருண்டும் எழும்பாமல் போவது இதனால்தான். மலைநாட்டு விமானிகள் விடியலில் வேலையை முடித்துவிட்டு, மதியம் விமானத்தைக் கட்டிப்போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது சோம்பேறித்தனத்தால் அல்ல.

அவர்கள் மலைமுகட்டை நேராகக் குத்திக் கடப்பதும் இல்லை. சுமார் 45 டிகிரி சாய்வாக நெருங்குவார்கள். காற்று கீழே அழுத்தினால் பாதித் திருப்பத்திலேயே பள்ளத்தாக்கின் பக்கம் விலகிவிடலாம். பள்ளத்தாக்குக்குள் பறக்கும்போதும் நட்டநடுவே போகாமல் ஒரு ஓரமாகப் போவார்கள். திரும்ப வேண்டி வந்தால் முழு அகலமும் கையில் இருக்கும்.

நேபாளத்தின் லுக்லா விமான நிலையத்தைப் பலர் படத்தில் பார்த்திருப்பீர்கள். உயரம் 2,845 மீட்டர், ஓடுபாதையின் நீளம் 527 மீட்டர், சரிவு 11.7 சதவீதம். மேட்டை நோக்கி இறங்கி, பள்ளத்தை நோக்கிக் கிளம்ப வேண்டும். மேட்டின் முடிவில் மலை நிற்கிறது. இறங்கும் கடைசிக் கட்டத்தில் மனம் மாறி மறுபடி எழும்பிச் சுற்றி வர வழி கிடையாது. பப்புவா நியூ கினியின் மலைக்கிராமங்களில் இதைவிடச் சின்னப் புல்தரைப் பாதைகள் இருக்கின்றன. அங்கே 'இறங்கலாமா வேண்டாமா' என்ற முடிவு ஓடுபாதைக்கு வெகு முன்னாலேயே, இன்ன ஆற்று வளைவு, இன்ன மரம் என்று குறித்துவைத்த இடத்தில் எடுக்கப்பட்டுவிடும். கிளம்பும்போதும் அப்படித்தான். ஓடுபாதையில் பாதி தாண்டுவதற்குள் எழும்பத் தேவையான வேகத்தில் 70 சதவீதம் வரவில்லை என்றால் உடனே நிறுத்திவிட வேண்டும். அந்தப் பாதி எங்கே என்று நடந்து போய்ப் பார்த்து, ஒரு கல்லையோ துணியையோ அடையாளமாக வைத்துவிட்டு வர ஐந்து நிமிடம்கூட ஆகாது.

நடந்து பார்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 1928 முதல் இயங்கும் பறக்கும் மருத்துவர் சேவையின் விமானம் இரவில் ஒரு பண்ணையில் இறங்கப்போகிறது என்றால், பண்ணைக்காரர்கள் முதலில் செய்வது வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுபாதையில் ஏறி இறங்குவதுதான். கங்காருவும் மாடும் இருளில் படுத்துக் கிடக்கும், விரட்ட வேண்டும். விளக்கு இல்லாத இடங்களில் தகர டின்களில் கழிப்பறைக் காகிதச் சுருளை வைத்து, மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்தி இரு ஓரமும் வரிசையாக வைப்பார்கள்.

இனி எரிபொருள். தொலைதூர ஓடுபாதையில் பம்பும் இல்லை, ஊழியரும் இல்லை. 200 லிட்டர் பீப்பாய்கள் எத்தனையோ மாதமாக வெயிலிலும் மழையிலும் கிடக்கும். நிமிர்த்தி வைத்த பீப்பாயின் மூடிமேல் மழைநீர் தேங்கும். பகல் சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரியும். இரவுக் குளிரில் சுருங்கும். சுருங்கும்போது மூடியின் இடுக்கு வழியாகத் தேங்கிய நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் பீப்பாயைப் படுக்கவைத்து, இரண்டு மூடிகளும் ஒரே மட்டத்தில், எரிபொருளுக்குள் மூழ்கி இருக்கும்படி திருப்பிவைப்பார்கள். பயன்படுத்தும்போது நிமிர்த்தி, ஒரு பக்கம் கட்டை கொடுத்துச் சாய்த்து, கொஞ்ச நேரம் அசையாமல் விடுவார்கள். தண்ணீரும் துருவும் தாழ்ந்த மூலையில் போய்த் தங்கும். குழாயை எதிர்மூலையில், அடியைத் தொடாமல் இறக்கி உறிஞ்ச வேண்டும். பீப்பாயையும் பம்பையும் விமானத்தையும் கம்பியால் இணைத்துவிட வேண்டும். வறண்ட காற்றில் நிலைமின் பொறி ஒன்று போதும். பிறகு வடிகட்டி. அதன் பிறகும் இறக்கையின் அடியில் உள்ள வால்வைத் திறந்து, கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பிடித்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் கடைசிக் காரியத்தில்தான் அனுபவசாலிகளும் ஏமாறுகிறார்கள். குப்பியில் பாதி தண்ணீர், பாதி பெட்ரோல் என்றால் நடுவே கோடு தெரியும். குப்பி முழுக்கத் தண்ணீராக இருந்தால் கோடே இருக்காது. தெளிவாக, அழகாக இருக்கும். பார்த்தவர் 'சுத்தம்' என்று சொல்லிவிட்டு ஏறிவிடுவார். சிறு விமானங்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் ஈயம் குறைந்த 100 ரகப் பெட்ரோலுக்கு நீலச் சாயம் கலந்திருக்கிறார்கள். குப்பியை வெள்ளைத் துணிக்கு முன்னால் பிடித்து நீலம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும், மோந்தும் பார்க்க வேண்டும். அளவு காட்டும் முள்ளை நம்பாமல், டாங்கிக்குள் அளவுக்குச்சி விட்டுப் பார்ப்பதும் இதே இனம்.

வானிலையைப் பற்றி நிறையப் பேசலாம். ஒரே ஓர் ஆய்வோடு கடந்துவிடலாம். 1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி இல்லாத 20 பேரை, மேகத்துக்குள் நுழைந்தது போன்ற நிலையில் பறக்கவைத்தார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் அத்தனை பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக அதற்கு ஆன நேரம் 178 வினாடி, அதாவது மூன்று நிமிடம்கூட இல்லை. மேகம் தாழ்ந்துவரும்போது 'இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பார்ப்போம்' என்பவருக்கு மிச்சம் இருப்பது அவ்வளவு நேரம்தான். திரும்புவதற்கான இடத்தைக் கிளம்பும் முன்பே வரைபடத்தில் குறித்துவைத்தவர் திரும்பிவிடுவார். அங்கே போய் முடிவெடுக்கலாம் என்று நினைப்பவரைக் காத்திருக்கும் பயணியும், இரவுச் சாப்பாடும், தன்மானமும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

அத்தனையும் சரியாகச் செய்தும் ஒருநாள் எஞ்சின் நிற்கலாம்.

1929 மார்ச் 31 அன்று, ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற விமானி சார்லஸ் கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித் மூன்று தோழர்களுடன் 'சதர்ன் கிராஸ்' விமானத்தில் வழிதவறி, வடமேற்குக் கரையோரம் ஒரு சேற்றுவெளியில் இறங்கினார். அவர்களுடைய வானொலிக்கு மின்சாரம் தந்த கருவி, விமானம் பறக்கும்போது அடிக்கும் காற்றில் சுழல்வது. தரையில் நின்றதும் அது ஊமையாகிவிட்டது. அவசரத்துக்கென வைத்த உணவைத் தேடினார்கள், காணவில்லை. நாடே தேடியது. அவருடைய பழைய கூட்டாளி கீத் ஆண்டர்சனும், மெக்கானிக் பாப் ஹிட்ச்காக்கும் 'குக்கபரா' என்ற சின்ன வெஸ்ட்லேண்ட் விட்ஜன் விமானத்தில் அவரைத் தேடிக் கிளம்பினார்கள்.

நண்பனைக் காப்பாற்றும் அவசரம். வானொலி இல்லை. திசைகாட்டி சரியில்லை என்று தெரிந்தும் கிளம்பினார்கள். தண்ணீர் மிகக் குறைவு. வரும் வழியிலேயே எஞ்சினின் தள்ளுகம்பி ஒன்று தளர்ந்து, இறங்கிச் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஏப்ரல் 10 அன்று ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து எழும்பி டனாமி பாலைவனத்தின் மேல் போனபோது அதே கோளாறு மறுபடி வந்தது. புதர்க்காட்டில் பத்திரமாகவே இறக்கிவிட்டார்கள். எஞ்சினையும் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் எழும்ப ஓடுபாதை வேண்டுமே! கையால் புதரை வெட்டினார்கள், நெருப்பு வைத்து எரித்தார்கள். அந்த வெயிலில், தண்ணீர் இல்லாமல், அந்த உழைப்பே அவர்களைக் குடித்துவிட்டது. ஆண்டர்சன் விமானத்தின் வால்பகுதித் துணியிலேயே நாட்குறிப்பு எழுதினார். ஏப்ரல் 21 அன்று, புதர்த்தீயின் புகையைப் பார்த்துத் திசைதிரும்பி வந்த குவாண்டாஸ் விமானி லெஸ்டர் பிரெய்ன், இறக்கையின் நிழலில் ஒரு உடல் கிடப்பதை மேலிருந்து கண்டார். அவர்கள் தேடிப்போன கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித்தோ ஏப்ரல் 12 அன்றே உயிரோடு கண்டுபிடிக்கப்பட்டிருந்தார். குக்கபரா தரையிறங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அந்தச் செய்தியை அவர்களிடம் கொண்டுசேர்க்க வழியில்லை.

தண்ணீர் இருந்திருந்தால்? வானொலி இருந்திருந்தால்? இவை நியாயமான கேள்விகள்தான். ஆனால் நான்கு வருடம் கழித்து நடந்த இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1933 ஏப்ரல் 12 இரவு, இங்கிலாந்திலிருந்து கேப் டவுனுக்குச் சாதனைப் பயணம் போன பில் லங்காஸ்டர் சஹாராவில் விழுந்தார். இரண்டு காலன், அதாவது சுமார் ஒன்பது லிட்டர் தண்ணீர் இருந்தது. எல்லாப் பாடநூலும் சொல்வதை அவர் செய்தார்: விமானத்தை விட்டு நகரவில்லை, தண்ணீரை அளந்து குடித்தார், தீ கொளுத்திச் சமிக்ஞை காட்டினார். எட்டு நாள் தாக்குப்பிடித்தார். ஆனால் போக வேண்டிய வழியிலிருந்து விலகி விழுந்திருந்தார். தேடியவர்கள் அந்தப் பக்கம் வரவில்லை. 1962-ல் ஒரு பிரெஞ்சு ராணுவக் குழு அந்த வழியே போனபோதுதான் விமானமும் உடலும் நாட்குறிப்பும் கிடைத்தன.

'விமானத்தை விட்டு நகராதே' என்பது நல்ல அறிவுரைதான். மனிதனைவிட விமானம் பெரிது, மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும். 2023 மே 1 அன்று கொலம்பியாவின் அமேசான் காட்டில் செஸ்னா 206 ஒன்று விழுந்து பெரியவர்கள் மூவரும் இறந்தார்கள். மே மாத நடுவில் விமானம் கிடைத்துவிட்டது. ஆனால் உயிர்பிழைத்த நான்கு குழந்தைகள் அங்கிருந்து நகர்ந்துவிட்டிருந்தார்கள். விமானத்திலிருந்து எடுத்துப்போன மரவள்ளி மாவும், பாட்டி வழி வந்த காட்டறிவும்தான் 40-ஆம் நாள் வரை அவர்களைக் காத்தன. ஆனாலும் லங்காஸ்டரின் கதை அந்த அறிவுரைக்கு ஒரு நிபந்தனை போடுகிறது. தேடுகிறவர் வரும் கோட்டில் நீங்கள் இருந்தால்தான் காத்திருப்பதில் பலன் உண்டு. அந்தக் கோட்டை வரைவது நீங்கள் கிளம்பும்முன் சொல்லிவிட்டுப் போகும் வார்த்தை.

ஆஸ்திரேலியாவில் இதற்கு எளிய ஏற்பாடு உண்டு. 'சார்டைம்' என்பார்கள். விமானி ஒரு நேரத்தைப் பதிவு செய்கிறார். அந்த நேரத்துக்குள் 'வந்து சேர்ந்தேன்' என்று அவர் சொல்லவில்லை என்றால், தேடும் வேலை தொடங்கிவிடும். அவ்வளவு முறையாக வேண்டாம் என்றால், வழியும் நேரமும் எழுதிய ஒரு தாளைப் பொறுப்பான ஒருவர் கையில் கொடுத்துவிட்டுப் போகலாம். அந்தப் பொறுப்பானவர் யார் என்பதில்தான் சூட்சுமம். நல்ல நண்பர் என்பது போதாது. 'எங்காவது தங்கியிருப்பான், காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று நினைக்கும் நல்ல நண்பர் ஆபத்தானவர். எந்த எண்ணை எத்தனை மணிக்கு அழைக்க வேண்டும் என்று அந்தத் தாளிலேயே எழுதியிருக்க வேண்டும். நடுவழியில் பாதை மாறினால் அதையும் வானொலியில் சொல்லிவிட வேண்டும். அதைவிட முக்கியம், சேர்ந்ததும் மறக்காமல் முடித்துவைப்பது. விடுதியில் குளித்து, சாப்பிட்டு, தூங்கிப்போன விமானிக்காக நள்ளிரவில் வேறு விமானிகள் மலைக்கு மேல் உயிரைப் பணயம் வைத்துச் சுற்றிய சம்பவங்கள் உண்டு.

அடுத்தது, வாய் பேச முடியாதபோது பேசும் கருவி. 1972 அக்டோபர் 16 அன்று அலாஸ்காவில் ஆங்கரேஜிலிருந்து ஜூனோவுக்குப் போன செஸ்னா 310 காணாமல் போனது. உள்ளே அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்கள் ஹேல் பாக்ஸும் நிக் பெகிச்சும் இருந்தார்கள். 39 நாள் தேடியும் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை, இன்றுவரை கிடைக்கவில்லை. எந்த அபாயக் கருவியின் ஒலியும் கேட்கவில்லை. பிறகு செயற்கைக்கோள் வந்தது. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஒன்றை நோக்கி ஒன்று ஏவுகணையை நீட்டிக்கொண்டிருந்த காலத்தில், கனடாவையும் பிரான்சையும் சேர்த்துக்கொண்டு காஸ்பாஸ்-சார்சாட் என்ற தேடல் ஏற்பாட்டைத் தொடங்கின. முதல் செயற்கைக்கோளை 1982 ஜூனில் சோவியத் யூனியன் ஏவியது. அந்தச் செப்டம்பரிலேயே கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் விழுந்த சிறு விமானத்திலிருந்து மூன்று பேரை அது காட்டிக்கொடுத்தது. இந்தியாவுக்கான கட்டுப்பாட்டு மையம் பெங்களூரில் இஸ்ரோவின் பொறுப்பில் இருக்கிறது.

பழைய கருவிகள் 121.5 மெகாஹெர்ட்ஸில் வெறுமனே ஊளையிட்டன. யாருடைய கருவி என்று சொல்லத் தெரியாது. பணம் எடுக்கும் இயந்திரமும் பீட்சா அடுப்பும்கூட அந்த அலைவரிசையில் கசிந்து மீட்புப் படையை அலையவிட்டன. 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் அதைக் கேட்பதை நிறுத்திவிட்டன. இன்று கேட்பது 406 மெகாஹெர்ட்ஸ் மட்டும்தான். இந்தக் கருவி தன் அடையாள எண்ணையும் சேர்த்து அனுப்பும். ஜிபிஎஸ் இணைந்திருந்தால் இருக்கும் இடத்தை நூறு மீட்டர் அளவுக்குச் சொல்லும். ஆனால் வாங்கியவர் தன் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பதிவு செய்திருந்தால்தான் அந்த அடையாளத்துக்குப் பொருள் உண்டு. மையத்துக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை தவறுதலாகக் கிளம்பியவை. ஒரு போன் போட்டுக் கேட்டு முடிக்கக்கூடிய விஷயத்துக்கு, பதிவு இல்லாவிட்டால், ஹெலிகாப்டர் கிளம்ப வேண்டியிருக்கும்.

அலாஸ்காவின் சட்டம் விமானத்தில் இருக்க வேண்டிய பொருள்களை நெடுங்காலம் ஒரு பட்டியலாகவே சொல்லிவந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு வார உணவு, கோடரி, முதலுதவிப் பெட்டி, தூண்டில் சாமான், கத்தி, நெருப்பு மூட்டும் பொருள், சமிக்ஞை காட்ட இரண்டு சாதனங்கள். அதோடு ஆளுக்கொரு கொசுவலை முகமூடி! அலாஸ்காக் கோடையில் ஓர் இரவு வெளியில் கிடந்தவர்கள் இதைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். குளிர்காலத்துக்குப் பனிநடைக் காலணியும் உறக்கப்பையும் சேரும். அங்குள்ள விமானிகள் இதோடு இன்னொரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். பல பைகள் உள்ள ஒரு மேற்சட்டையில் கத்தி, நெருப்பு, பீக்கன் எனப்படும் கையளவு அபாய ஒலிபரப்பி, கொஞ்சம் கயிறு எல்லாவற்றையும் உடம்போடு போட்டுக்கொள்வார்கள். விமானம் தண்ணீரில் கவிழ்ந்தாலோ தீப்பிடித்தாலோ, உடம்பில் இல்லாதது எதுவும் கைக்கு வராது.

இத்தனை இருந்தும் என்ன நடக்கலாம் என்பதற்கு 2010 ஆகஸ்ட் 9 ஒரு சான்று. அலாஸ்காவில் ஒரு தனியார் விடுதியிலிருந்து பக்கத்து மீன்பிடி முகாமுக்கு ஒன்பது பேரோடு ஆட்டர் மிதவை விமானம் ஒன்று மதியத்துக்கு மேல் கிளம்பியது. பயணிகளில் முன்னாள் செனட்டர் டெட் ஸ்டீவன்ஸும், நாசாவின் முன்னாள் தலைவர் ஷான் ஓ'கீஃபும் இருந்தார்கள். கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே மலைச்சரிவில் மோதியது. விமானியும் ஸ்டீவன்ஸும் இன்னும் மூவரும் இறந்தார்கள். படுகாயமடைந்த நால்வர் உடைந்த விமானத்துக்குள் கிடந்தார்கள். 406 கருவி இருந்தது, மோதலில் இயங்கவும் தொடங்கியது. ஆனால் மாட்டியிருந்த இடத்திலிருந்து கழன்று விழுந்ததில் ஆன்டெனா அறுந்துவிட்டது. அலை வெளியே போகவில்லை. விடுதிக்காரர்கள் 'முகாமில் மீன் பிடித்துக்கொண்டிருப்பார்கள்' என்று நினைத்தார்கள். முகாமில் இருந்தவர்களோ விருந்தினர்கள் விடுதியிலேயே தங்கிவிட்டார்கள் என்று நினைத்தார்கள். மாலை ஆறு மணி அளவில், சாப்பாட்டுக்கு எப்போது திரும்புவார்கள் என்று விடுதியிலிருந்து கேட்டபோதுதான், அவர்கள் அங்கே போய்ச் சேரவே இல்லை என்பது தெரிந்தது. பக்கத்து விமானிகள் உடனே பறந்து விரைவிலேயே இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் மழையும் மேகமும் தடுத்ததால், காயமடைந்தவர்களை வெளியே கொண்டுவர மறுநாள் ஆனது.

விமானத்தில் ஒரு செயற்கைக்கோள் தொலைபேசியும் இருந்தது. உயிரோடிருந்த நால்வருக்கும் அது தெரியாது. தெரிந்த ஒரே ஆள் விமானி, அவர் இறந்துவிட்டார். பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கை இதைத் தனியாக எடுத்துப் பேசுகிறது.

ஆகவே ஏறும்முன் பயணிகளிடம் பேச ஒதுக்கும் இரண்டு நிமிடத்தை, நன்றாகப் பழகிய விருந்தினர் என்பதற்காகக்கூட விமானி விடக்கூடாது. கதவின் பிடி எந்தப் பக்கம் திரும்பும், பெல்ட்டை இருட்டில் எப்படிக் கழற்றுவது, தீயணைப்பான் எங்கே, பீக்கனின் சுவிட்ச் எது, தொலைபேசி எந்தப் பையில், எந்த எண்ணை அழுத்த வேண்டும் என்பதைச் சொன்னால் மட்டும் போதாது. ஒவ்வொருவரையும் ஒருமுறை கையால் செய்து காட்டச் சொல்ல வேண்டும். மிதவை விமானம் என்றால் கூடுதலாக ஒன்று: மிதவைச் சட்டையை வெளியே வந்த பிறகே ஊத வேண்டும். உள்ளேயே ஊதிக்கொண்டவரை, கவிழ்ந்த விமானத்தின் தரையோடு அது மேலே தூக்கி ஒட்டவைத்துவிடும். கதவு அவருக்குக் கீழே தண்ணீருக்குள் இருக்கும்.